வணங்க வருவோரும் பார்க்க வருவோரும்



2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லெவோதோபி எரிமலை நள்ளிரவில் வெடித்தது. ஒன்பது பேர் இறந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர், ஹோகெங் என்னும் ஊரில் இருந்த கன்னியர் இல்லத்தின் தலைவியான அருட்சகோதரி. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களுக்குச் சென்றனர். இச்செய்தி உலகப் பத்திரிகைகளில் ஓரிரு நாள் வந்து போனது. அடுத்த வாரம் எரிமலைச் சாம்பல் வானில் பரவியபோதுதான் பெரிய தலைப்புகள் வந்தன. என்ன தலைப்புகள்? பாலித் தீவுக்குச் செல்லும் விமானங்கள் ரத்து. சுற்றுலாப் பயணிகள் தவிப்பு.

இறந்தவர்கள் புளோரஸ் தீவின் ஏழை விவசாயிகள். உலகம் கவலைப்பட்டது பாலியின் விடுதிகளில் தங்கியிருந்தவர்களைப் பற்றி. பத்திரிகையாளர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நாட்டைப் பற்றி நம் மனத்தில் ஒரு படம் பதிந்துவிட்டால், அந்தப் படத்திற்கு வெளியே இருக்கும் மனிதர் நம் கண்ணில் படுவதில்லை. இந்தோனேசியா என்றால் பாலி. பாலி என்றால் நெல்வயல், கோயில், நடனம், கடற்கரை. இந்தப் படம் தானாக வந்ததல்ல, உருவாக்கப்பட்டது. அதே போன்ற ஒரு படம் இப்போது புளோரசுக்கும் உருவாகி வருகிறது. புளோரஸ் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் தீவு. நூற்றுக்கு மூன்று பேர்தான் கத்தோலிக்கர் என்ற நாட்டில் இது பெரிய செய்தி. ஆகவே அத்தீவின் பவனிகளும் சுரூபங்களும் செபங்களும் அந்தப் படத்திற்குள் இழுக்கப்படுகின்றன. அங்குள்ள திருச்சபை இதை எப்படி எதிர்கொள்கிறது என்பதை நாமும் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். புளோரஸ் என்பது போர்த்துக்கீசியர் வைத்த பெயர். தீவின் கிழக்கு முனைக்கு அவர்கள் 'பூக்களின் முனை' என்று பெயரிட்டனர். அது முழுத்தீவின் பெயராகிவிட்டது. 1969-இல் அத்தீவைச் சேர்ந்த குருவானவர் ஒருவர், மண்ணின் பழம்பெயர் 'நூசா நீப்பா', அதாவது பாம்புத் தீவு என்று ஒரு நூலே எழுதினார். விளம்பரத்திற்கு எந்தப் பெயர் உதவும் என்று சொல்லத் தேவையில்லை. பூக்களின் தீவுக்குப் பயணச்சீட்டு விற்கலாம். பாம்புத் தீவுக்கு விற்பது கடினம்!

இந்தோனேசிய மொழியில் சுற்றுலாவுக்குப் 'பரிவிசாத்தா' என்று பெயர். வடமொழி வேரிலிருந்து எடுத்துக் கட்டிய கம்பீரமான அரசாங்கச் சொல். அதன் கிளையாக இப்போது அடிக்கடி கேட்கப்படுவது 'விசாத்தா ரெலிகி', சமயச் சுற்றுலா. ஆனால் அந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு வேறொரு பழைய சொல்லும் உண்டு: 'ஸியாரா'. அரபு மொழியிலிருந்து வந்த சொல். முஸ்லிம்கள் தங்கள் பெரியோரின் கல்லறைகளுக்குச் செல்வதும் ஸியாராதான். கத்தோலிக்கர் மாதா கெபிக்குச் செல்வதும் ஸியாராதான். கடவுளை 'அல்லா' என்று திருப்பலியில் அழைக்கும் திருச்சபை அது. சொற்களைப் பகிர்ந்துகொள்வதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஸியாரா செல்பவரும் விசாத்தா செல்பவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினாலும் ஒரே ஆள் அல்லர் என்பதை அந்த மொழியே காட்டிக்கொடுக்கிறது.

பாலியின் கதையைச் சொல்லாமல் புளோரசுக்குப் போக முடியாது. 1906-லும் 1908-லும் டச்சுப் படைகள் தென்பாலியின் அரசுகளைப் பிடித்தன. பணிய மறுத்த அரச குடும்பத்தினர் வெள்ளை உடுத்தி, குறுவாள் ஏந்தி, பெண்களும் பிள்ளைகளுமாகத் துப்பாக்கிகளை நோக்கி நடந்து மடிந்தனர். 'புப்புத்தான்' என்று அதைச் சொல்வார்கள். அதே 1908-இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு அரசின் சுற்றுலா அலுவலகம் திறக்கப்பட்டது. இரத்தம் காய்வதற்குள் சுவரொட்டி தயாராகத் தொடங்கிவிட்டது. 1920-களில் டச்சுக் கப்பல் நிறுவனம் பயணிகளை அழைத்து வந்தது. 1928-இல் தென்பசாரில் அது ஒரு விடுதியைத் திறந்தது. ஓவியர்களும் எழுத்தாளர்களும் வந்து பாலியைக் கடைசிச் சொர்க்கம் என்று எழுதினார்கள்.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒரு பகுதி உண்டு. அந்தக் காலத்தில் பாலிக்குள் கிறிஸ்தவ மறைபரப்பாளர் வருவதைப் பல டச்சு அறிஞர்கள் எதிர்த்தனர். பாலியின் பண்பாடு கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். அவர்களுள் சிலர் அந்த மக்களை உண்மையாக நேசித்தவர்கள். அவர்கள் அஞ்சியதில் நியாயமும் இருந்தது. ஏனெனில் ஆரம்பத்தில் மனம் மாறிய பாலி மக்களிடம், இசையையும் சிற்பத்தையும் நடனத்தையும் விட்டுவிடும்படி சொன்ன போதகர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த எதிர்ப்புக்குப் பின்னால் இன்னொரு எண்ணமும் இருந்தது: பாலி ஓர் உயிருள்ள அருங்காட்சியகமாக இருக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு மனம் மாற உரிமை கிடையாது. 1935-இல் இறைவார்த்தை சபைக் குருவான யோஹானஸ் கெர்ஸ்டென் பாலிக்கு வந்தார். அடுத்த ஆண்டு தூக்கா என்ற ஊரில் முதல் திருமுழுக்குகள் நடந்தன. பின்னர் பாலசாரி என்ற ஊரில் கத்தோலிக்கர் குடியேறி, பாலிக் கோயில்களைப் போலவே அடுக்குக் கூரையும் பிளந்த வாயிலும் கொண்ட பேராலயம் ஒன்றை எழுப்பினர். வழிபட எழுப்பிய அந்த ஆலயமே இன்று சுற்றுலாக் கையேடுகளில் காணத்தக்க இடமாக இடம்பெறுகிறது.

பாலி மக்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1969-இல் பன்னாட்டு விமான நிலையம் திறந்து கூட்டம் பெருகியபோது, அவர்கள் 1971-இல் ஒரு கருத்தரங்கு கூட்டி நடனங்களைத் தரம்பிரித்தனர். கோயிலின் உள்முற்றத்தில் தெய்வத்துக்காக ஆடப்படுவது. சடங்கோடு சேர்ந்து ஆடப்படுவது. மக்கள் பார்த்து மகிழ ஆடப்படுவது. மூன்றாவதை மட்டும் பயணிகளுக்குக் காட்டலாம் என்பது முடிவு. இதில் ஒரு வேடிக்கை. 'புனிதமானது', 'புனிதமல்லாதது' என்று இரண்டாகப் பிரிக்கும் சொற்கள் அவர்கள் மொழியில் இருக்கவில்லை. 'சக்ரால்', 'புரோபான்' என்ற ஐரோப்பியச் சொற்களை இரவல் வாங்க வேண்டியிருந்தது. அதுவரை அவர்களுக்கு ஆட்டம் என்பது ஆட்டம்தான். கடவுளும் பார்த்தார், முன்னோரும் பார்த்தனர், பக்கத்து ஊர்க்காரரும் பார்த்தனர். பணம் கொடுத்துப் பார்க்க ஒருவர் வந்த பிறகுதான் வேலி போடவேண்டியதாயிற்று.

வேலி நின்றதா? 'பெண்டெத்' என்று ஒரு நடனம். கோயிலில் காணிக்கை ஏந்திப் பெண்கள் தெய்வத்தை வரவேற்று ஆடுவது. இதையே மேடையில் விருந்தினரை வரவேற்கவும் ஆடத் தொடங்கினர். பெரியவர்களுக்கு இது உறுத்தியது. எனவே 1960-களின் இறுதியில், விருந்தினருக்கென்றே 'பன்யெம்பிராமா' என்ற புதிய நடனம் அமைக்கப்பட்டது. சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஆனால் நடனப் பள்ளியில் அதைக் கற்ற பெண்கள் ஊருக்குத் திரும்பியபோது, அந்த அழகான புது நடனத்தையே கோயில் திருவிழாவிலும் ஆடினார்கள்! பயணிகளுக்கென்று செய்தது தெய்வத்திடம் போய்ச் சேர்ந்தது. மிஷேல் பிக்கார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். இதை வீழ்ச்சி என்று சொல்வதா? அந்தப் பெண்கள் கடவுளுக்குத் தங்களிடமிருந்த சிறந்ததைக் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது.

ஒன்றின் பிறப்பிடத்தை வைத்து அதன் தகுதியை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு நம்முடைய திருச்சபையிலேயே சான்று உண்டு. ஜாவாத் தீவில் யோக்யகர்த்தாவுக்கு அருகே கஞ்சுரான் என்ற இடத்தில், சர்க்கரை ஆலை நடத்திய ஷ்முட்சர் என்ற டச்சுக் குடும்பத்தினர் 1924-இல் ஓர் ஆலயம் கட்டினர். பின்னர் அதன் வளாகத்தில், பழைய கற்கோயிலைப் போல ஒரு 'சண்டி' எழுப்பி, திருஇருதய ஆண்டவரை ஜாவா மன்னரின் உடையில் அங்கு அமர்த்தினர். ஆலை முதலாளி நினைத்த ஜாவா அது. தொழிலாளியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் காலப்போக்கில் மக்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டனர். 2006 மே மாத நிலநடுக்கத்தில் ஆலயம் இடிந்து விழுந்தபோது, ஐரோப்பியப் பாணியை விட்டு ஜாவா மரபுக் கூரையோடு அதை மீண்டும் கட்டினார்கள். இப்போது அது எவருடைய கற்பனையும் அல்ல. அந்தப் பங்கு மக்களின் வீடு.

இனி லரந்துக்கா. புளோரசின் கிழக்குக் கோடியில், லெவோதோபி எரிமலை இருக்கும் அதே மாவட்டத்தின் தலைநகரம். போர்த்துக்கீசியரும் தொமினிக்கன் குருக்களும் 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடலுக்கு வந்தனர். முத்துக்குளித்துறையில் பரதவ மக்களுக்குத் தமிழில் செபங்களைக் கற்பித்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1545-இல் மலாக்கா சென்று, அங்கே மலாய் மொழியில் செபங்களை ஆயத்தம் செய்துகொண்டு, அடுத்த ஆண்டு அம்போன் தீவுக்குப் போனதை நாம் அறிவோம். நம் கடற்கரைக்கும் அந்தக் கடற்கரைக்கும் ஒரே காற்று வீசியது என்று சொன்னால் மிகையல்ல. இன்றும் நம் ஜன்னல் அங்கே 'ஜெண்டெலா', நம் மேசை அங்கே 'மேஜா'.

லரந்துக்காவில் 'துவான் மா' என்று ஒரு சுரூபம் இருக்கிறது. நம்முடைய வியாகுல மாதாதான். கடற்கரையில் ஒதுங்கியதாகவும், யாரென்று தெரியாமலே ஊரார் எடுத்துச் சென்று தங்கள் வழிபாட்டு வீட்டில் வைத்து வணங்கியதாகவும், பின்னர் வந்த குருவானவர் அது மாதா என்று சொன்னதாகவும் அவர்கள் மரபு சொல்கிறது. அரசர் தம் செங்கோலை மாதாவின் முன் வைத்து, இனி இந்த அரசுக்கு அவரே அரசி என்றாராம். 1859-இல் போர்த்துக்கல் இந்தப் பகுதிகளை டச்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்பே பல தலைமுறைகளாகக் குருக்கள் அரிதாகத்தான் வந்தார்கள். திருப்பலி இல்லை, மறையுரை இல்லை. செபமாலை இராக்கினியின் பெயரால் அமைந்த 'கொன்பிரேரியா' என்ற பொதுநிலையினர் சபைதான் விசுவாசத்தைக் காத்தது. தென்கடற்கரைப் பங்குகளின் பழைய கொம்பிரியார் சபைகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயரின் வேர் உடனே புரியும். அவர்கள் போர்த்துக்கீசியச் செபங்களை வாய்வழியாகவே பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சொற்கள் சிதைந்தன, பொருள் மறைந்தது. செபம் மட்டும் நிற்கவில்லை.

திருவழிபாட்டு மொழியை மக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதை நான் முழுமனத்தோடு ஏற்கிறவன். இறையியல் கல்லூரியில் அதைப் படித்தபோது, புரியாத மொழியில் செபிப்பது வெறும் முணுமுணுப்பு என்றே எனக்குத் தோன்றும். லரந்துக்கா மக்களை அந்த ஒரு அளவுகோலால் அளக்க முடியாது. பாட்டி சொன்ன செபத்தைப் பாட்டி சொன்னபடியே சொல்வதில் ஒரு பொருள் இருக்கிறது. அது அகராதியில் கிடைக்கும் பொருள் அல்ல.

இதற்கு இன்னொரு சான்று சுமத்ரா தீவின் மேடான் நகரில் உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். தமிழரான இயேசு சபைக் குரு ஜேம்ஸ் பாரதபுத்ரா எடுத்த முயற்சியால், அங்கே அன்னை வேளாங்கண்ணிக்கு ஓர் ஆலயம் எழும்பி 2005-இல் திறக்கப்பட்டது. கோபுரங்களும் குவிமாடங்களுமாக எழுந்து நிற்கும் அதைப் பார்த்து, 'கூயில்' என்று நினைப்போரும் உண்டு. ஆம், நம் கோயில்தான் இந்தோனேசிய மொழியில் கூயில். பாலியின் இந்துக் கோயிலுக்குப் 'பூரா' என்றும், பழங்காலக் கற்கோயிலுக்குச் 'சண்டி' என்றும், தமிழர் கோயில் போன்றவற்றுக்குக் கூயில் என்றும் அவர்கள் பிரித்துச் சொல்வார்கள். மேடான் ஆலயமும் அந்த நகரத்தின் சுற்றுலா இடங்களுள் ஒன்று. பட்டாக் இனத்தவரும் சீனரும் வருகின்றனர். தமிழ் அறியாத அவர்களும் மாதாவை 'அன்னை' என்றே அழைக்கின்றனர். தோட்டக் கூலியாகக் கப்பலேறிய ஏழைத் தமிழரின் சொல் வேற்று மொழியினரின் செபத்தில் வாழ்கிறது. ('கப்பல்' என்ற சொல்லையும் அவர்கள் நம்மிடமிருந்துதான் பெற்றார்கள் என்பது வேறு விஷயம்.)

லரந்துக்காவின் புனித வாரத்திற்கு வருவோம். புதன்கிழமை 'திரேவா', இருளின் நாள். வியாழனன்று இளைஞர்கள் பவனி செல்லும் தெருக்களின் இருபுறமும் மூங்கில் நட்டு, மெழுகுதிரிகளுக்கு வேலி கட்டுகிறார்கள். துவான் மாவின் சிற்றாலயக் கதவு திறக்கப்பட்டு, மக்கள் முழந்தாளிட்டு நகர்ந்து சென்று முத்தி செய்கின்றனர். பெரிய வெள்ளி பகலில் குழந்தை இயேசுவின் சுரூபம் சிறு படகில் கடல் வழியாக எடுத்து வரப்படுகிறது. இரவில் பெரிய பவனி. 'துவான் ஆனா', அதாவது இயேசுவின் திருவுடல் வைக்கப்பட்ட பேழையை நான்கு பேர் சுமக்கின்றனர். 'லகதேமு' என்று அவர்களுக்குப் பெயர். நிக்கதேமு என்ற பெயரின் திரிபு. அவர்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். பொருத்தனை செய்து இந்தப் பணியை ஏற்பவர்கள் யாரென்று வெளியே தெரியக்கூடாது என்பது விதி. பவனி எட்டு இடங்களில் நிற்கும். 'ஆர்மிதா' என்று சொல்லப்படும் அந்த மண்டபங்கள் ஒவ்வொன்றும் ஒரு குலத்தின் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பிள்ளை உயர நின்று, ஆண்டவரின் திருமுகம் பதித்த துணியை மெல்ல விரித்து, இலத்தீனில் புலம்பல் பாடுவாள். நம் ஊர்களில் பெரிய வெள்ளி ஆசந்திப் பவனியில் நடந்தவர்களுக்கு அந்த இரவின் அமைதி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த மக்கள் செய்வதில் எதுவும் வெளியாருக்காகச் செய்யப்படவில்லை. வெளியார் வரக்கூடாது என்றும் அவர்கள் சொல்வதில்லை. 2010-இல் துவான் மாவின் 500-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது பெருங்கூட்டம் வந்தது. அரசும் அதைச் சமயச் சுற்றுலாவின் பெருமையாக விளம்பரம் செய்கிறது. விடுதிகள் நிரம்புகின்றன, வீடுகளில் அந்நியர்களைத் தங்கவைக்கிறார்கள். கூட்டத்திற்கு ஒரு விலையும் உண்டு. 2014-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று கடற்பவனியில் திருப்பயணிகளின் படகு கவிழ்ந்து உயிர்கள் பலியாயின. கொரோனாத் தொற்றுக் காலத்தில் பவனி நின்றது. பயணி இல்லாததால் விடுதிக்காரருக்கு நட்டம்தான். ஆனால் லரந்துக்கா மக்கள் இழந்தது வருமானத்தை அல்ல. தாயின் முகத்தை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் நாளை.

இங்கேதான் எனக்கு ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. நிகழ்ச்சியின் நேரத்தை முடிவு செய்வது யார்? எந்த வேலையை எந்தக் குடும்பம் செய்வது என்பதை முடிவு செய்வது யார்? எந்தக் கதவை எப்போது மூடுவது என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? லரந்துக்காவில் குலங்களும் கொன்பிரேரியாவும் ஆயரும் முடிவு செய்கிறார்கள். முகமூடிய நால்வரைப் புகைப்படம் எடுக்கலாம். பெயர் போட முடியாது. பாலியிலும் இதுபோல ஒரு நாள் உண்டு. 'நியேப்பி' என்னும் மௌன நாளில் தீவு முழுவதும் விளக்கு எரியாது, வாகனம் ஓடாது. பன்னாட்டு விமான நிலையமே ஒரு பகலும் ஓர் இரவும் மூடப்படும். எவ்வளவு பணம் கொடுத்துத் தங்கியவரானாலும் விடுதிக்குள்தான் இருக்கவேண்டும். உலகிலேயே சுற்றுலாவை மிக அதிகம் நம்பி வாழும் தீவுகளில் ஒன்று, ஆண்டுக்கு ஒரு நாள் கடையைச் சாத்துகிறது. அந்த இந்து சகோதர சகோதரிகளிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

கடைசியாக, தீவின் மேற்குக் கோடியில் உள்ள லபுவான் பாஜோ. கொமோடோ உடும்பைப் பார்க்கப் படகேறும் துறைமுகம். 2016-இல் இந்தோனேசிய அரசு 'பத்துப் புதிய பாலிகள்' என்ற திட்டத்தை அறிவித்தது. பின்னர் ஐந்து இடங்களுக்கு உச்ச முன்னுரிமை தரப்பட்டது. லபுவான் பாஜோவும் அதில் ஒன்று. புதிய பாலி! அந்தச் சொல்லைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஊருக்கு அதன் பெயரை விட்டுவிட்டு, இன்னோர் ஊரின் படத்தை மாட்டிவிடுவது. கொமோடோ விளம்பரங்களில் பெரும்பாலும் உடும்பு மட்டுமே இருக்கும், மனிதர் இருக்கமாட்டார். அத்தீவில் தலைமுறைகளாக வாழும் மக்களோ, ஒரு தாய் வயிற்றில் மனிதக் குழந்தையும் உடும்பும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன என்று கதை சொல்கிறார்கள். உடும்பு அவர்களுக்குக் காட்சிப்பொருள் அல்ல, உடன்பிறப்பு. 2022-இல் கொமோடோ தீவுக்கான கட்டணத்தை 37 இலட்சத்து 50 ஆயிரம் ரூப்பியாவாக உயர்த்த முயன்றபோது, படகோட்டிகளும் வழிகாட்டிகளும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆண்டு முடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நகருக்கு அருகே உள்ள போவோசியே காட்டில் 400 ஹெக்டேர் நிலத்தைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கியதை உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். இறைவார்த்தை சபையின் நீதி அமைதிப் பணிக்குழுவைச் சேர்ந்த குருக்கள் அவர்களோடு நின்றனர்.

இந்தச் சூழலில் ருத்தெங் மறைமாவட்டம் 2022-ஆம் ஆண்டை முழுமையான சுற்றுலாவின் ஆண்டு என்று அறிவித்தது. மக்கள் பங்கேற்க வேண்டும், பண்பாடு மதிக்கப்பட வேண்டும், இயற்கை நிலைக்க வேண்டும் என்பன அதன் மூன்று அழுத்தங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், மாதா விண்ணேற்பை ஒட்டி, லபுவான் பாஜோவில் 'கோலோ கோயே' விழா என்று ஒரு விழாவைத் தொடங்கினர். மாதா பவனி, நெசவு, பாட்டு, கிராம விளைபொருள் விற்பனை எல்லாம் சேர்ந்தது. 2024 ஜூன் மாதத்தில் லபுவான் பாஜோ தனி மறைமாவட்டமாகவே உயர்த்தப்பட்டது.

திருச்சபை சுற்றுலாவுக்குள் இறங்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். இறங்காவிட்டால் அங்கே முதலாளியும் அதிகாரியும் மட்டுமே இருப்பார்கள். நெசவு செய்யும் தாய்மாருக்காகப் பேச ஆளிருக்காது. அந்த வகையில் ஆயரின் முடிவு துணிச்சலானது. ஆனால் எனக்கு ஒரு கலக்கமும் உண்டு. லரந்துக்காவின் பவனி மக்களின் பொருத்தனையிலிருந்து பிறந்தது. பயணிகள் பிறகுதான் வந்தார்கள். கோலோ கோயேயில் பயணிகள் முதலில் இருந்தார்கள், பவனி பிறகு வந்தது. தன்னை விழா அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும் பவனி, ஏதாவது ஓர் ஆண்டில் அட்டவணைக்காரரின் வசதிக்காக நேரத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்கப்படும். அப்போது மறுக்கும் வலிமை இருக்குமா? எருசலேம் ஆலயத்தில் மேசை போட்டவர்களும் திருப்பயணிகளுக்கு உதவத்தான் போட்டார்கள். தொலைவிலிருந்து வருபவருக்குப் புறா வேண்டும், காசு மாற்ற வேண்டும். ஆண்டவர் சாட்டை எடுத்த நாளில் அந்த உதவியே ஆலய முற்றத்தை நிறைத்திருந்தது. மறுபுறம், பாலியின் பன்யெம்பிராமா மேடைக்குப் பிறந்து கோயிலுக்குப் போனதையும் நான் மறக்கவில்லை. கோலோ கோயே மாதாவுக்கு லபுவான் பாஜோவின் மீனவர் பொருத்தனை செய்யத் தொடங்கிவிட்டால், விழாவை யார் எதற்காகத் தொடங்கினார்கள் என்பது ஒரு பொருட்டே அல்ல.

விளம்பரங்களில் லரந்துக்காவின் புனித வாரத்திற்குச் 'செமானா சாந்தா' என்ற போர்த்துக்கீசியப் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும். கேட்க அழகாகவும் தொன்மையாகவும் இருக்கிறது. உள்ளூரார் தங்கள் மலாய்ப் பேச்சில் அந்த நாள்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஹாரி பாயே'. நல்ல நாள்கள் என்று பொருள். நாம் பெரிய வெள்ளி என்கிறோம். அவர்கள் சாவும் புலம்பலும் இருளும் நிறைந்த அந்த நாள்களை நல்ல நாள்கள் என்கிறார்கள். தங்கள் ஊருக்கும் அவர்களிடம் வேறு பெயர்: 'நாகி'. மலேசியாவின் சபாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்கள், குப்பாங்கிலும் ஜகார்த்தாவிலும் படிப்பவர்கள், முடிந்த ஆண்டுகளில் ஹாரி பாயேக்கு நாகி திரும்புகிறார்கள். கப்பலிலிருந்து இறங்குபவர்களுள் அவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது, பயணியா, திருப்பயணியா என்று சுற்றுலா அலுவலகத்திற்குத் தெரியாமல் போகலாம். அவர்கள் நேரே தங்கள் குலத்தின் ஆர்மிதாவுக்குப் போய், மூங்கில் நட ஆள் போதுமா என்று கேட்கிறார்கள்.